மோதிர விரல் இரண்டு முறை

ஆகஸ்ட் 4, ஞாயிறு

மாலைப் பூசை முடிந்து சர்ச்சிலிருந்து வெளியே வந்தால் பங்கு மண்டபத்தில் ஒரே இரைச்சல். கண்டித்துவிட்டு வரலாம் என்று உள்ளே போனேன். சண்டைதான் நடந்துகொண்டிருந்தது. ஆனால் ஒரு கைக்கடிகாரத்தைப் பற்றி.

பதினைந்து பேர் இருப்பார்கள். சுவரில் வெள்ளைத் துணி கட்டி, 'பனியில் நால்வர்' படத்தை ஓட்டி நடுவில் நிறுத்தியிருந்தார்கள். ஊட்டி மலர்க்காட்சி நாளில் நான்கு பேர் சேர்ந்து ஓர் எஸ்டேட் பாங்கின் பெட்டகத்தைக் கொள்ளையடிக்கும் கதை. நம் கோயம்புத்தூர் ஸ்டுடியோவில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். அந்த ஸ்டுடியோ இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம் நிற்கிறது. படம் வந்து அறுபது வருஷம் ஆகப்போகிறது. அதற்கு ஒரு ரசிகர் வட்டம் இருக்கிறது என்பதை இன்றுதான் அறிந்தேன். ஞாயிறுதோறும் கூடி, காட்சி காட்சியாகப் பேசுகிறார்களாம். ஃபாதர் மண்டபத்தைக் கொடுத்திருக்கிறார்.

"உள்ள போறப்ப ஹீரோவுக்கு வாட்ச் இடது கையில இருக்குதுங்க. வெளிய வர்றப்ப வலது கையில இருக்குது" என்றார் வட்டத்தின் தலைவர். பெயர் நாச்சிமுத்து, பம்ப் செட் கடைக்காரர்.

"உள்ள மாத்திக் கட்டியிருப்பான்" என்றார் இன்னொருவர்.

"கொள்ளையடிக்கப் போனவன் உக்காந்து வாட்ச மாத்திக் கட்டிட்டு இருந்தானாக்கும்?"

"படச்சுருளைத் திருப்பி மாட்டியிருக்கிறார்கள். பின்னால் இருக்கும் பலகையைப் பாருங்கள். எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பியிருக்கிறது" என்றேன்.

எல்லாரும் பலகையைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். நாச்சிமுத்து எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார். "உக்காருங்கம்மா."

நான் உட்காரவில்லை. மூலையில் ஒரு பழைய பியானோ. அதன் மேல் வடைத் தட்டையும் டீ ஃபிளாஸ்க்கையும் வைத்திருந்தார்கள். இரண்டையும் எடுத்து ஜன்னல் மேடையில் வைத்துவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

புது டபராவின் விளிம்பு சரியில்லை, காப்பி சிந்துகிறது. பழையதையே எடு என்று மயிலாத்தாளிடம் சொன்னேன். "பழசுலயும் சிந்துமுங்க" என்கிறாள். வீட்டு வேலையில் குறை சொல்ல முடியாதவள். வாய்தான் அதிகம்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

குடையை மண்டபத்தில் விட்டிருந்தேனோ என்று பார்க்கப் போனேன். குடை வீட்டில்தான் இருந்திருக்கிறது. வந்தது வந்தாயிற்று என்று சற்று உட்கார்ந்தேன். பியானோ மேல் இன்று வடை இல்லை, ஆனால் மூடி முழுக்கத் தூசி.

பெட்டகக் காட்சியை எடுத்துக்கொண்டார்கள். படத்திலேயே பேர்பெற்ற காட்சி அதுதான். பாட்டு இல்லை, வாத்தியம் இல்லை. காதைப் பெட்டகக் கதவில் வைக்கிறான் கதாநாயகன். அடுத்து கை மட்டும் தெரிகிறது. வலது கை. இரும்புக் கதவின் மேல் ஐந்து விரல்களும் ஒவ்வொன்றாகத் தட்டுகின்றன, ஓசையே இல்லாமல். நடுவில் மோதிர விரல் மட்டும் இரண்டு முறை தட்டுகிறது. அதன் பிறகு கை நகர்ந்து பூட்டின் எண் வட்டைத் திருப்புகிறது, கதவு திறக்கிறது.

இந்தத் தட்டலுக்கு என்ன அர்த்தம் என்று வருஷக்கணக்கில் விவாதம் நடக்கிறதாம். நாச்சிமுத்துவைக் கேட்டால், கதாநாயகன் கதவின் உள் தாழ்களை எண்ணுகிறான் என்பார். இன்னொருவர் தந்திக் குறியீடு என்கிறார், அதைப் பிரித்துப் படித்தால் கதாநாயகியின் பெயரில் பாதி வருகிறதாம்.

"மீதிப் பாதிக்கு விரல் பத்தலையாட்ட இருக்குது" என்றாள் பூங்கோதை. ஒரு பாங்கில் அதிகாரி. முப்பத்தைந்து வயது இருக்கும், கூர்மையான பெண். "எங்க பாங்க் பெட்டகத்தைத் தட்டிப் பார்த்தா கையிதான் வலிக்கும். ஆனா ஒண்ணு, அந்த ரெண்டாவது தட்டுலதான் விஷயம் இருக்குது. அவ்வளவு ஒழுங்கா வந்த கை ஏன் அங்க மட்டும் தயங்குது? டைரக்டர் வேணும்னேதான் வச்சிருக்காரு. மேதைங்க அவரு."

எனக்கு எரிச்சலாக வந்தது.

பூங்கோதை இன்னொன்றும் சொன்னாள். அந்தக் கை கதாநாயகனுடையது இல்லையாம். ஒளிப்பதிவாளர் சாகும் முன் ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார்: 'ஹீரோ நகம் கடிப்பார், குளோசப்புக்கு ஆகாது, வேறு கையைப் போட்டோம்.' யாருடைய கை என்பதைச் சொல்லாமலே போய்விட்டார்.

சென்னையில் படத்தைச் சுத்தம் செய்து புதுப் பிரதி எடுக்கிறார்கள். அன்று பெயர் போடாமல் விட்டவர்களின் பெயர்களை முடிவில் ஓர் அட்டையாகச் சேர்க்கப் போகிறார்கள். அந்தப் பெயர்களைத் தேடிக் கொடுக்கும் வேலை இந்த வட்டத்துடையது. செப்டம்பர் 15 அன்று இதே மண்டபத்தில் புதுப் பிரதியைத் திரையிட்டு, அன்றே அட்டையை முடிவுசெய்து அனுப்ப வேண்டும்.

"ஒருக்கா போட்டா போட்டதுதானுங்க. இனி நூறு வருசத்துக்கு அதுதான் நிக்கும்" என்றார் நாச்சிமுத்து.

ஆகஸ்ட் 15, வியாழன்

மாதா விண்ணேற்புத் திருநாள். பாடற்குழுவில் ஆர்கன் வாசிக்கிற பெண் மணிக்கட்டைத் தொங்கப்போட்டு வாசிக்கிறாள். எங்கள் கான்வென்ட் சிஸ்டர் இருந்திருந்தால் கையின் மேல் காலணாக் காசை வைத்திருப்பார்கள். காசு கீழே விழுந்தால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

மத்தியானம் என் கணவர் படத்துக்கு மாலை மாற்றினேன். மணமான வருஷம் நானும் அவரும் 'பனியில் நால்வர்' பார்க்கப் போனோம். பெட்டகக் காட்சியில் தியேட்டரே கைதட்டியது, அவரும் தட்டினார். "என்ன கை பார்" என்றார். இடைவேளையில் சோடா குடித்துக்கொண்டே அவரிடம் சொன்னேன். மீதிப் படத்தில் அவர் கைதட்டவில்லை. அதற்குப் பிறகு நாங்கள் சினிமாவுக்குப் போனதில்லை. அவர் தலைமையாசிரியர், வேலை அதிகம்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

ரத்னாகர் என்று ஒருவர் சென்னையிலிருந்து வந்திருந்தார். அறுபது வயது, சாந்தமான மனிதர். அவர் தகப்பனார் மேஜிக் நிபுணர் புரொபசர் குமரப்பா. அந்தக் கை அப்பாவுடையது என்கிறார். அந்த ஸ்டுடியோவில் அப்பா ஒரு வாரம் வேலை பார்த்ததற்குப் புகைப்படம் கொண்டுவந்திருந்தார். படத்தில் புரொபசர், இயக்குநர், கதாநாயகன், மூவரும் பெட்டகக் கதவுக்கு முன்னால். புரொபசரின் மீசை எனக்கு உடனே அடையாளம் தெரிந்தது.

"அப்பா ஆஸ்பத்திரியில கிடந்தப்ப சொன்னார். 'அந்தப் படத்துல என் கை இருக்குடா, தேடிப் பாரு'ன்னார். அதுக்கு மேல பேச முடியலை."

மோதிர விரலுக்கும் விளக்கம் வைத்திருந்தார். மேஜிக்காரர்கள் பார்ப்பவரின் கண்ணை ஒரு விரலில் நிறுத்திவிட்டு இன்னொரு விரலால் காரியத்தை முடிப்பார்களாம். நாச்சிமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. "கைகள்: புரொபசர் குமரப்பா. அப்படியே போட்டர்லாமுங்க. எல்லாருக்கும் சம்மதந்தானுங்களே?"

எல்லாரும் கை தூக்கினார்கள்.

"அது மேஜிக் இல்லை. பியானோ படிக்கிறவர்களுக்கு முதலில் சொல்லித்தரும் விரல் பயிற்சி. கட்டை, நடு, ஆள்காட்டி, மோதிரம், நடு, சுண்டு, பிறகு இறக்கம். இரண்டாவது தட்டு மேதைத்தனமும் இல்லை. அது பிழை" என்றேன்.

எல்லாரும் தூக்கிய கைகளை இறக்கினார்கள்.

"உங்களுக்கு எப்படிங்கம்மா தெரியும்?" என்றார் நாச்சிமுத்து.

"தெரியும்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். மேலே பேசுவது தற்பெருமை. தற்பெருமை எங்கள் பள்ளியில் பொய்க்கு அடுத்த பாவம்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

பூங்கோதை வீட்டுக்கு வந்தாள். மயிலாத்தாள் கேட்காமலே காப்பி கொண்டுவந்தாள், என்னைக் கலக்க விடவில்லை. பூங்கோதை ஏதேதோ பேசினாள். பாங்கில் தணிக்கை, மாமியாருக்கு முழங்கால் வலி. திடீரென்று பேச்சை நிறுத்தி என் நாற்காலியின் கைப்பிடியைப் பார்த்தாள். என் வலது கை அதன் மேல் இருந்தது. பேச்சைக் கேட்கும்போது விரல்களை அசைப்பது என் வழக்கம்.

"ஆன்ட்டி, இப்ப என்ன தட்டுனீங்க?"

"ஒன்றுமில்லை."

"அன்னைக்கு மண்டபத்துலயும் இதையேதான் தட்டிட்டு இருந்தீங்க. அது உங்க கைதானே?"

முறுக்குத் தட்டை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"நீங்க வாயைத் திறக்கலைன்னா அந்தப் பேரே போயிருமுங்க."

"போகட்டும். வீடு வீடாகப் போய் 'என் கை, என் கை' என்று சொல்லிக்கொள்ளும் வயதா எனக்கு?"

"வீடு வீடா வேண்டாங்க. ஒரே ஒரு மண்டபம்."

"சாட்சி யாருமில்லை. சிஸ்டர் இல்லை, இயக்குநர் இல்லை. அவரும் இல்லை. எழுபத்தெட்டு வயதுக் கிழவி சொன்னால் யார் நம்புவார்கள்?"

போகும்போது என் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டாள். நேரமாகியும் விடவில்லை. ஏன் என்று தெரியும். நானும் இழுத்துக்கொள்ளவில்லை.

"அங்கிளுக்குத் தெரியுமா?" என்று வாசலில் கேட்டாள்.

"அவருக்கு சங்கீதத்தில் ஈடுபாடு உண்டு. வீடு சின்னது, பியானோ வேண்டாம் என்றார். அது நியாயம்தான்" என்றேன். அவள் எங்கள் கூடத்தை ஒரு முறை பார்த்தாள். பெரிய கூடம்.

ஆகஸ்ட் 22, வியாழன்

மண்டபத்துப் பியானோவின் தூசி மனதை உறுத்திக்கொண்டே இருந்தது. காலைப் பூசைக்குப் பிறகு துடைக்கப் போனேன். மூடியைத் திறக்காமல் சரியாகத் துடைக்க முடியாது. திறந்தேன்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

துடைத்தேன்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

தலைவலி. கூட்டத்துக்குப் போகவில்லை. புரொபசரின் பெயரையே முடிவுசெய்துவிட்டதாகப் பூங்கோதை போனில் சொன்னாள். 15 அன்று ரத்னாகருக்குப் பொன்னாடை போர்த்துகிறார்களாம்.

ஆகஸ்ட் 26, திங்கள்

துடைத்தேன். ஃபாதர் எட்டிப் பார்த்தார். "துடைக்கிற சத்தம் நல்லா இருக்கு டீச்சர்" என்றார். இளவயது ஃபாதர்களுக்குக் கேலி கூடுதல்.

ஆகஸ்ட் 29, வியாழன்

வேளாங்கண்ணியில் இன்று கொடியேற்றம். தொலைக்காட்சியில் பார்த்தேன். மனம் அங்கே நிற்கவில்லை.

நடந்தது இதுதான். ஒரு விருந்துக் காட்சிக்காக ஸ்டுடியோக்காரர்கள் எங்கள் கான்வென்ட் பியானோவை வாடகைக்குக் கேட்டார்கள். பியானோவைத் தனியாக அனுப்ப சிஸ்டர் கோன்ஸ்தான்ஸ் ஒத்துக்கொள்ளவில்லை. காவலுக்குத் தானே மாட்டு வண்டியில் ஏறினார்கள். இறக்கி வைத்ததும் வாசித்துச் சரிபார்க்க என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். நான் வாசிப்பதை இயக்குநர் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு சிஸ்டரிடம் வந்து, "இந்தப் பொண்ணோட கையை மட்டும் கொஞ்சம் கடன் தர்றீங்களா?" என்றார்.

சிஸ்டர் நெடுநேரம் யோசித்தார்கள். கடைசியில், "முகம் வராது என்றால் அது நடிப்பு ஆகாது" என்று தீர்ப்புச் சொன்னார்கள்.

என் கையில் ஆண்பிள்ளைச் சட்டையின் கையை மாட்டினார்கள். என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். "உனக்குத் தெரிஞ்சதை இந்தக் கதவு மேல வாசி" என்றார் இயக்குநர். பயத்தில் எனக்கு ஞாபகம் வந்தது முதல் பயிற்சி மட்டும்தான். வாசித்தேன். நடுவில் சிஸ்டர் இருமினார்கள். மோதிர விரல் தடுமாறி இரண்டு முறை தட்டிவிட்டது. மறுபடி எடுக்கலாம் என்று கெஞ்சினேன். "இதுதாம்மா வேணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அந்தப் பிழையைத்தான் இவர்கள் இத்தனை காலம் மேதைத்தனம் என்று கொண்டாடுகிறார்கள்.

செப்டம்பர் 3, செவ்வாய்

குன்னூரிலிருந்து பியானோவுக்குச் சுருதி சேர்ப்பவரை வரவழைத்தேன். பொதுச் சொத்து இப்படிக் கெடக் கூடாது.

செப்டம்பர் 5, வியாழன்

டாக்டர் விரல்களை விரித்துக் காட்டச் சொன்னார், காட்டினேன். ஏதோ எழுதிக்கொண்டார். "சும்மா இருக்கிறப்பதாம்மா இந்த நடுக்கம். ஏதாவது செய்றப்ப அடங்கிடும்" என்றார்.

நான் சும்மா இருப்பதில்லை என்று சொன்னேன்.

செப்டம்பர் 8, ஞாயிறு

கூட்டத்துக்குப் போனேன். கடைசியில் எழுந்து நாச்சிமுத்துவிடம் ஓர் உதவி கேட்டேன்: 15 அன்று பியானோவைத் திரைக்குப் பக்கத்தில் திருப்பி வைக்க வேண்டும், பெட்டகக் காட்சி வரும்போது அதன் முன் நான் உட்கார வேண்டும்.

"அந்தக் காட்சியில சத்தமே இல்லீங்களே அம்மா. அதுதானுங்க அதோட அழகே."

"அதனால்தான் கேட்கிறேன்."

அவர் தலையைச் சொறிந்தார். "சிறப்பு விருந்தாளி வர்ற நாளுங்க. ஏதாவது ஏறுக்குமாறா ஆயிருச்சுன்னா?"

"ஒரு விரல் பிசகினாலும் நான் எழுந்து அவருக்குப் பொன்னாடை போர்த்திவிட்டுப் போய்விடுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் உங்களைத் திருத்தவும் வரமாட்டேன்."

"அப்படின்னா பியானோவை நானே தள்ளிப் போடறனுங்க" என்றார் கடைசி வரிசையிலிருந்து தந்திக் குறியீட்டுக்காரர். எல்லாரும் சிரித்தார்கள். பூங்கோதை மட்டும் சிரிக்கவில்லை.

செப்டம்பர் 14, சனி

சாம்பல் நிறப் பட்டுப் புடவைக்கு இஸ்திரி போட்டாயிற்று. மயிலாத்தாள் தானும் வருவதாகச் சொல்கிறாள். சினிமா பார்க்கவா என்று கேட்டேன். "உங்களப் பாக்கத்தான்" என்றாள்.

செப்டம்பர் 15, ஞாயிறு

எல்லாவற்றையும் வரிசையாக எழுதுகிறேன்.

மண்டபம் நிறைந்துவிட்டது. ஊரிலிருந்தும் சென்னையிலிருந்தும் வந்திருந்தார்கள். முன்வரிசையில் ரத்னாகர். புதுப் பிரதி அவ்வளவு தெளிவு. ஊட்டியின் மூடுபனி துணியிலிருந்து இறங்கி நம் மேல் படிவதுபோல் இருந்தது.

நால்வரும் பாங்குக்குள் நுழைந்ததும் எழுந்து பியானோவிடம் போனேன். உட்கார்ந்து வலது கையை மடியில் வைத்துக்கொண்டேன். மடியில் அது ஆடிற்று. இருட்டில் யாருக்கும் தெரிந்திருக்காது.

கதாநாயகன் காதைக் கதவில் வைத்தான். கையைத் தூக்கிக் கட்டைகளின் மேல் வைத்தேன். நடுக்கம் நின்றது.

திரையில் கை வந்தது. வலது பக்கம் ஓரக்கண்ணால் அதைப் பார்த்துக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தேன்.

கட்டை, நடு, ஆள்காட்டி, மோதிரம். அங்கே விரல் இறங்கும்போது இங்கே ஸ்வரம் எழுந்தது. அங்கே விரல் எழும்போது இங்கே ஓசை அடங்கியது. இத்தனை வருஷம் ஊமையாக இருந்த கை பேசத் தொடங்கியது. வரிசை ஏறி, இறங்கி, மறுபடி ஏறிற்று. எனக்குள் அந்த ஸ்டுடியோவின் வெக்கை, சாந்தும் சாயமும் கலந்த வாசனை, சிஸ்டரின் ஜெபமாலை மணிகள் உரசுவது எல்லாம் இருந்தன. சிஸ்டர் இருமும் இடம் வருவது எனக்குத் தெரியும். வந்தது. திரையில் மோதிர விரல் இரண்டு முறை தட்டியது. என் மோதிர விரலும் இரண்டு முறை தட்டியது, அதே தயக்கத்தோடு.

பின்னால் யாரோ பெரிதாக மூச்சை இழுத்தார்கள்.

கை நகர்ந்து பூட்டுக்குப் போனது. நான் கையை எடுத்தேன். கதவு திறந்தது.

நாச்சிமுத்து படத்தை நிறுத்திவிட்டார். பிறகு தந்திக் குறியீட்டுக்காரர் எழுந்து நின்றார். அவரைப் பார்த்து மண்டபமே எழுந்தது. அந்தக் கைதட்டல் ஓய நெடுநேரம் ஆயிற்று. மயிலாத்தாள் கதவருகே முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

முன்வரிசையில் ரத்னாகர் மட்டும் உட்கார்ந்தபடியே இருந்தார். அவரிடம் போனேன்.

"அப்பா என்கிட்ட பொய் சொன்னாரா அம்மா?" என்று கேட்டார்.

"இல்லை. மானேஜரின் பையிலிருந்து சாவியை எடுத்து உள்ளங்கையில் மறைக்கும் காட்சி இருக்கிறதே, அந்தக் கையைப் பாருங்கள். அதுதான் உங்கள் அப்பா. அது என்னால் ஜென்மத்துக்கும் முடியாது. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். மூன்று தடவை செய்தார், மூன்று தடவையும் எனக்குச் சாவி எங்கே போனது என்று தெரியவில்லை."

நாச்சிமுத்து படத்தைப் பின்னால் ஓட்டி அந்தக் காட்சியைப் போட்டார். ரத்னாகர் திரைக்கு அருகில் போய் நின்று பார்த்தார். சுண்டு விரல் லேசாக வளைந்திருந்தது. தன் சுண்டு விரலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அதே வளைவு.

"உங்கள் அப்பா அன்று என்னிடம் ஒன்று சொன்னார். 'நல்லவேளை பாப்பா, நீ என் தொழிலுக்கு வரலை. வந்திருந்தா எனக்குச் சோறு கிடைச்சிருக்காது' என்றார்."

ரத்னாகர் சிரித்துவிட்டார். தமக்கு வைத்திருந்த பொன்னாடையை எடுத்து எனக்குப் போர்த்தினார். ஒரே பொன்னாடைதான் வாங்கியிருந்தார்கள். நாச்சிமுத்து தம் தோள் துண்டை உதறி ரத்னாகருக்குப் போர்த்தினார்.

அட்டையில் இரண்டு வரி வரும். 'சாவிக் காட்சியில் கை: புரொபசர் குமரப்பா.' அடுத்த வரிக்கு என் பெயரை எப்படிப் போட வேண்டும் என்று பூங்கோதை கேட்டாள். "திருமதி ஆரோக்கியநாதன்னு போடட்டுங்களா ஆன்ட்டி?"

அன்று அந்தக் கதவின் மேல் வாசித்தபோது எனக்கு மணமாகியிருக்கவில்லை. விவரம் சரியாக இருக்க வேண்டும்.

"அகஸ்டா மரியநாயகம்" என்றேன். "அப்பா பெயர். இரண்டு சுழி னகரம் போட்டுவிடாதே."

கூட்டம் கலைய ஆரம்பித்தது. அவர் இருந்திருந்தால், "நேரமாகிவிட்டது, வீட்டுக்குப் போகலாம்" என்று சொல்லியிருப்பார். நான் திரும்பப் போய்ப் பியானோ முன் உட்கார்ந்தேன்.

"இன்னுமொருக்கா வாசிக்கறீங்களா அம்மா?" என்றார் நாச்சிமுத்து.

"வாசிக்கிறேன். அன்றைக்கு மறுபடி எடுக்க விடவில்லை" என்றேன்.

தொடக்கத்திலிருந்து வாசித்தேன். மோதிர விரல் ஒரே முறை.